மடைக்காரன் பேசக் கூடாது

என் தம்பிக்குக் காது கேக்காது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். அதனால பேச்சும் வரல. எனக்கு ரெண்டுமே ஜாஸ்தி. "ரெண்டு பேரு வாயையும் சேர்த்து இவகிட்டயே குடுத்துட்டான் ஏகாம்பரநாதன்"னு எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு. பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருவுக்குப் பொழுது விடியறது நான் தண்ணி லாரிக்காரனைத் திட்டற சத்தத்துலதான். அதை நான் மறுக்கல.

இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, ஒரு சினிமாவுல ஒருத்தன் பேசக் கூடாதுன்னு நான் போய்ப் பேசிட்டு வந்தேன். நான் பேசினதுலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு இப்போ சொல்றாங்க.

அந்த சினிமாவுக்கு மூலம் ஒரு சித்திரக்கதை. செங்கல் தண்டி புத்தகம். முயலும் ஆமையும் இல்ல, பெரியவங்க படிக்கறது. ஒரு ஏரி, அதோட மடையைத் திறந்து மூடற ஒரு ஆளு, அவன் வளக்கற ஒரு எருமை. அவ்வளவுதான் கதை. ஊரே தண்ணிக்காகக் கத்தும். கத்தறவங்க தலைக்கு மேல வட்டமா பலூன் போட்டு உள்ள வசனம் எழுதியிருக்கும். மடைக்காரன் தலைக்கு மேல மட்டும் பலூனே வராது. அவன் ஊமையா, இல்ல இந்த ஜனங்ககிட்ட இன்னாத்தப் பேசறதுன்னு விட்டுட்டானா, எழுதினவர் எங்கேயும் சொல்லல. கடைசிப் பக்கத்துல, ஊரையே அடிச்சிக்கினு போயிருக்க வேண்டிய வெள்ளத்துலேருந்து கரையைக் காப்பாத்திட்டு, ஏரியைப் பார்த்து நிக்கறான். அப்போ அவன் தலைக்கு மேல முதமுதலா ஒரு பலூன் இருக்குது. உள்ள ஒண்ணுமே எழுதல.

தம்பி அதை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடையில வாங்கினான். வீட்டுக்கு வந்து சாப்பிடாம கொள்ளாம முழுசா படிச்சிட்டு, நேரா சமையக்கட்டுக்கு வந்தான். மடைக்காரன் மூஞ்சி மேல விரலை வெச்சான், அப்புறம் அதே விரலைத் தன் நெஞ்சுல வெச்சான். நான் அடுப்பை அணைச்சிட்டேன். அதுவரைக்கும் அவன் பார்த்த படத்துல எல்லாம் ஊமைன்னு ஒருத்தன் வந்தா, ஒண்ணு பாதியிலயே செத்துப் போவான், இல்லேன்னா கடைசியில "அம்மா"ன்னு பேசிடுவான். சாகாமலும் பேசாமலும் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே தறியில உட்கார்றவங்க. வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனிக்குப் போயிடுவார், தறி எங்களோடது. கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் இழைக்கு இழை கோத்துக்கினே வரணும், ஒரு ஆளால ஆகாது. அவன் நடுவுல உட்கார்ந்து நெய்வான். நான் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டற நாடாவைத் தள்ளுவேன். மத்த வீட்டுல "விடு", "நிறுத்து"ன்னு வாயால சொல்லிக்குவாங்க. எங்களுக்கு உட்கார்ற பலகையிலதான் பேச்சு. ஒரு தட்டுன்னா நில்லு, இழை அறுந்துடுச்சு. ரெண்டு தட்டுன்னா சரியா கோத்துச்சு, மேல போலாம். அவன் ரெண்டு தட்டினா நானும் பதிலுக்கு ரெண்டு தட்டணும். தட்டலைன்னா அடுத்த இழையை ஓட்டவே மாட்டான். கையைத் தூக்கி வெச்சிக்கினு என் மூஞ்சியையே பார்ப்பான். நாத்தனாரோட போன்ல பேசிக்கினே தட்ட மறந்துட்டு எத்தினியோ தடவை மாட்டியிருக்கேன்.

அந்தப் புத்தகத்துக்கு எங்க வட்டாரத்துல ரசிகர் மன்றம் ஒண்ணு உண்டு. நாங்க ரெண்டு பேரு, சின்ன காஞ்சிபுரத்துலேருந்து ஒரு பிசிக்ஸ் சார், வாலாஜாபாத்துலேருந்து ஒரு ரைஸ் மில்காரர். வேற யாரும் சேரல, நாங்களும் கூப்பிடல. சார் கோயில் கைங்கர்யக் குடும்பம். பாசுரம் சொல்றா மாதிரி பக்கம் சொல்லுவார், எந்தப் பக்கத்துல எந்தக் கட்டத்துல எருமை எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கினு சொல்லுவார். மில்காரருக்கு மனுஷங்களே ரெண்டாம்பட்சம், அவர் எருமைக்கு ரசிகர்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல உட்காருவோம். தம்பிக்கும் புரியணும்னு, பேசறதையெல்லாம் வாட்சப் குரூப்புல எழுதிக்குவோம். ஒரே பெஞ்சுல தோளோடு தோள் இடிச்சிக்கினு, நாலு பேரும் குனிஞ்சு போனைத் தட்டிக்கினு இருப்போம். டீக்கடைக்காரர் ரொம்ப நாளா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தார். ஒரு நாள் என்னைத் தனியா கூப்பிட்டு, "சொத்துத் தகராறுன்னா பேசித் தீர்த்துக்கோங்கம்மா"ன்னார்.

தகராறும் இருந்துச்சு. புத்தகம் முதல்ல கறுப்பு வெள்ளையில வந்துச்சு, அப்புறம் கலர்ல வந்துச்சு. சார் கறுப்பு வெள்ளை கட்சி. கலர் அடிச்சது அபசாரம்னுவார். மில்காரர் கலர் கட்சி. கோயில் யானைக்கு எந்த நாமம் போடறதுன்னு தலைமுறை தலைமுறையா வழக்காடின ஊரு இது. ஒரு எருமைக்கு என்ன நிறம்னு நாங்க சண்டை போட்டது ஒண்ணும் அதிசயமில்ல.

புத்தகத்தைப் படமா எடுக்கறாங்கன்னு சேதி வந்த அன்னைக்கு ஒருத்தரும் டீயைக் குடிக்கல. யாரோ பெரிய நடிகர்தான் மடைக்காரன்.

"ஜிம்முல ஏத்தின எட்டுக் கட்டு வயிறோட ஒருத்தன் மடை திறந்தா எப்படிம்மா இருக்கும்?"னு சார் எழுதினார்.

"கதையில கதாநாயகியே இல்ல. எருமையை எடுத்துட்டு ஒரு பொண்ணைப் போட்டுடுவானுங்க"ன்னு மில்காரர் எழுதினார். கொஞ்சம் கழிச்சு, "எருமையை கிராபிக்ஸ்ல பண்ணா நான் மில்லை மூடிட்டு கோடம்பாக்கம் போய் உட்கார்ந்துடுவேன்"னு சேர்த்தார்.

கறுப்பு வெள்ளையில எடுப்பாங்களான்னு சார் கேட்டார். கேட்டுட்டு அவரே சிரிச்சிக்கினார், பாவம்.

தம்பி ஒண்ணுமே எழுதல. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தப்ப கையால சொன்னான். அவன் கைப்பேச்சு பள்ளிக்கூடத்துல பாதி, எங்க தறியில பாதி கத்துக்கினது. "அவனைப் பேச வெச்சிடுவாங்க. பேசிட்டா அவன் உங்க ஆளு. அப்புறம் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடு." சொல்லிட்டு ரசத்தை ஊத்திக்கினான். இந்தப் பையன் சொன்னா செய்யறவன். ஒரு தடவை ஒரு புடவையில கோர்வை சரியில்லன்னு சொல்லி நெய்ததைப் பிரிச்சே போட்டவன். ஊர்ல எவன் எவனோ பேசறான், அந்த ஒருத்தன் வாயை மூடிக்கினு இருக்கறதுக்கு இவ்ளோ பாடான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

தாமல் ஏரியில ஷூட்டிங் நடக்குதுன்னு தெரிஞ்சதும் தறியை நிறுத்திட்டுக் கிளம்பிட்டோம். மில்காரரோட கார்ல நாலு பேரும் போனோம். கரை மேல வேன் வேனா நிக்குது. வேடிக்கை பார்க்க வந்த ஜனத்தைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தாங்க. எருமை நிஜ எருமைதான், அந்த ஊரு எருமை. ஆனா பொங்கலுக்கு அடிச்ச பெயிண்டு கொம்புல அப்படியே இருந்துச்சு, ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு சிவப்பு. மில்காரர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஒரு உதவி இயக்குநர் வந்து, "அதை கிராபிக்ஸ்ல அழிச்சிடுவோம் சார்"னு சமாதானம் சொன்னார். கிராபிக்ஸ்னு கேட்டதும் மில்காரர் போய் கார்ல உட்கார்ந்துட்டார்.

நான் கயித்தைத் தூக்கிக்கினு, தம்பியையும் இழுத்துக்கினு உள்ள பூந்துட்டேன். ரெண்டு பேரு தடுத்தாங்க. நான் போட்ட சத்தத்துல டைரக்டரே எழுந்து வந்தார். சின்னப் பையன், நல்ல மாதிரி.

"ரசிகர்கள்தான்கா எங்களுக்கு தெய்வம்"னார்.

"தெய்வத்தைக் கயிறு கட்டி வெயில்ல நிக்க வெச்சிருக்கியே தம்பி. சரி, அதை வுடு. இவன் என் தம்பி. காது கேக்காது, பேச மாட்டான். இவனுக்கு உன் மடைக்காரன்தான் எல்லாம். பாட்டு வெச்சுக்கோ, சண்டை வெச்சுக்கோ, ஒரு பொண்ணைக் கூட கூட்டிக்கினு வா, நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. அவன் உதடு அசையக் கூடாது. படம் முடியற வரைக்கும் அசையவே கூடாது."

டைரக்டர் என் தம்பி கையைப் பிடிச்சுக்கினு, மெதுவா, நல்லா வாயைத் திறந்து சொன்னார்: "அசையாது. சத்தியம்." தம்பி உதட்டைப் பார்த்தே புரிஞ்சிக்கினான். திரும்பி வர்ற வழியெல்லாம் கார் ஜன்னல்ல விரலால ரெண்டு ரெண்டா தட்டிக்கினே வந்தான். சார், "நீங்க வக்கீலா ஆகியிருக்கணும்மா"ன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

படம் வந்த அன்னைக்கு தியேட்டர் வாசல்ல கட்-அவுட்டுக்குப் பால் ஊத்தினாங்க. நடிகரோட ரசிகருங்க ஒரு படை, புத்தகத்தோட ரசிகருங்க நாங்க நாலு பேரு. சார் கறுப்பு வெள்ளைப் பதிப்பை மஞ்சப் பையில வெச்சுக் கொண்டுவந்திருந்தார், சரி பார்க்கறதுக்கு. தம்பி புதுச் சட்டை போட்டுக்கினு எனக்குப் பக்கத்துல உட்கார்ந்தான். எங்க ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரே கைப்பிடி. இருட்டுல கைப்பேச்சு தெரியாதே, அதனால சினிமாவுக்குப் போனா அந்தக் கைப்பிடிதான் எங்களுக்குத் தறிப் பலகை.

விளக்கை அணைச்சாங்க. ஏரி வந்துச்சு. அச்சு அசல் முதல் பக்கம். சார் மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு. மடைக்காரன் கரை மேல நடந்து வந்தான், முன்னால வந்து நின்னான், நேரா எங்களைப் பார்த்தான். உதடு அசையல. குடத்துக்குள்ள தலையை வுட்டுப் பேசினா மாதிரி ஒரு குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துச்சு.

"நான் பேச மாட்டேன். என் மௌனம் பேசும்."

தியேட்டரே விசில் அடிச்சுது. அதுக்கப்புறம் அந்த மௌனம் வாயை மூடவே இல்ல. மடையைத் திறந்தா, "திறக்கிறேன்"னுச்சு. எருமையைக் குளிப்பாட்டினா, "உனக்கும் எனக்கும் ஒரே தோல்தான்"னுச்சு. மழை வந்தா, "மழை"ன்னுச்சு. டைரக்டர் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. உதடு ஒரு தடவை கூட அசையல. எல்லாம் மனசுக்குள்ள பேசற குரலா வந்துக்கினே இருந்துச்சு.

அப்போதான் எனக்கு உறைச்சுது. ஒருத்தர் பேசறாங்களா இல்லையான்னு தம்பி உதட்டைத்தான் பார்ப்பான். அவன்கூடவே வளர்ந்து எனக்கும் அதே கண்ணு ஆயிடுச்சு. எங்க வீட்டுல பேச்சுன்னா உதடு. காது இருக்கற வேற யாரு போயிருந்தாலும் "குரல் வரக் கூடாது"ன்னு கேட்டிருப்பாங்க. இவ்ளோ பெரிய வாயை வெச்சுக்கினு, குரல்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு வந்திருக்கேன் நான்! சீட்டோட சீட்டா ஒட்டிப் போயிட்டேன். அந்தப் பக்கம் சார் மஞ்சப் பையால மூஞ்சியை மூடிக்கினார். மில்காரர் மட்டும், "எருமை பேசல, அதுவரைக்கும் தேவலாம்"னார்.

தம்பியைப் பார்த்தேன். வெளிச்சம் அவன் மூஞ்சியில வந்து வந்து போச்சு. வாயைத் திறந்து வெச்சுக்கினு, கண்ணு கொட்டாம, குழந்தையாட்டம் பார்த்துக்கினு இருந்தான். அந்த தியேட்டர்ல அத்தினி பேருல அவன் ஒருத்தன்தான் புத்தகத்துல இருக்கற படத்தைப் பார்த்துக்கினு இருந்தான்.

கடைசிக் கட்டம் வந்துச்சு. கரை நின்னுடுச்சு, ஊரு தப்பிச்சிடுச்சு. மடைக்காரன் ஏரியைப் பார்த்து நிக்கறான். காத்து அடிக்குது, தண்ணி மினுக்குது. ரொம்ப நேரம் அப்படியே நிக்கறான். வெத்துப் பலூனை எப்படித்தான் காட்டுவாங்களோன்னு நாங்க பெஞ்சுல எத்தினி வாரம் தலையைப் பிச்சிக்கினோம்! இதுக்கு மேல யாராலயும் காட்ட முடியாது. அதுக்குள்ள அந்தக் குரல் வந்துச்சு. "இது என் ஏரி. இது என் தண்ணி. தொட்டுப் பாரு."

மறுபடியும் விசில். தம்பி கைப்பிடியில ரெண்டு தட்டு தட்டினான்.

நான் தட்டல. தட்டலாம்னுதான் கை போச்சு. ஆனா அறுந்த இழையை வெச்சுக்கினு சரியா கோத்துச்சுன்னு அவனுக்கு நான் எந்த நாளும் தட்டினதில்ல. அவன் இன்னொரு தரம் தட்டினான். காத்துக்கினு இருந்தான். அப்புறம் திரையை விட்டுட்டு என் பக்கம் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தான்.

வெளியில வந்ததும் பிடிச்சுக்கினான். "என்ன அறுந்துச்சு?"ன்னு கை கேட்டுது. சார் என் காதோரமா, "வேண்டாம்மா, சொல்லிடாதீங்கோ. குழந்தை மாதிரி சந்தோஷமா இருக்கான்"னார். மில்காரரும் தலையை ஆட்டினார். சொல்லாம வுட்டா அவன் போன்ல விமர்சனம் படிச்சுத் தெரிஞ்சிக்குவான். அதை விட நானே சொல்லிடறது மேல்னு சொல்லிட்டேன். மடைக்காரன் உதடு அசையல, ஆனா எங்களுக்குக் குரல் வந்துச்சு, முதல்லேருந்து கடைசி வரைக்கும் பேசிக்கினே இருந்தான்னு.

அவன் கை ரெண்டும் கீழ தொங்கிடுச்சு. பார்க்க முடியல. பழைய பேப்பர்காரன் ஞாபகம் வந்து எனக்கு அங்கேயே, பால் ஊத்தின வழுக்கல்ல நின்னுக்கினு, அழுகை வந்துடுச்சு. கையைத் தூக்கிக் கேட்டான்: "பலூன்ல என்ன போட்டாங்க?"

கையால சொல்ல எனக்கு மனசு வரல. போன்ல அந்த வசனத்தை அடிச்சுக் காட்டினேன். படிச்சான். "இவ்ளோதானா?"ன்னு புருவத்தைத் தூக்கினான். என் போனை வாங்கி, அதை ஒவ்வொரு எழுத்தா அழிச்சிட்டு, திருப்பிக் குடுத்தான். அப்புறம் எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்தான், சாவு வீட்டுக்கு வந்தவன் பார்க்கறா மாதிரி.

"எனக்கு அவன் பேசல. உங்களுக்குத்தான் பேசியிருக்கான். பாவம் நீங்க"ன்னான்.

சொல்லிட்டு ரோட்டைத் தாண்டி மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். பெரிய பஞ்சுச் சுருள் ஒண்ணு வாங்கிக்கினு வந்து என் கையில வெச்சான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். அதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிடுச்சு, முக்கால்வாசி சீட்டு காலி. வெறும் பஞ்சு நிக்காதுன்னு மில்காரர் சொன்னார், மில்லு சத்தத்துல வேலை செய்யறவர் இல்லையா. தேங்காயெண்ணெயில நனைச்சு, உருட்டி, எங்க காதுல அவரே அடைச்சு வுட்டார். அது மேல சார் அங்கவஸ்திரத்தைச் சுத்திக்கினார், நான் முந்தானையை இழுத்துக் கட்டிக்கினேன். டிக்கெட் கிழிக்கறவர் ஏதோ கேட்டார், எங்களுக்குக் கேக்கல. தம்பி மட்டும் ஒண்ணும் கட்டாம, மாப்பிள்ளையாட்டம் முன்னால நடந்தான்.

சத்தம் போனதும் அது வேற படம். எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நடுவுல கதாநாயகின்னு ஒரு பொண்ணு வந்து ஆடினது, எறும்பு கடிச்சு உதறிக்கறா மாதிரி இருந்துச்சு. ஆனா மடைக்காரன் பேசல. ஊரே வாயை வாயைத் திறந்து கத்துது, இவன் மட்டும் சும்மா மடையைப் பார்த்துக்கினு இருக்கான். பொறந்ததுலேருந்து பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற என் தம்பி ஊரை இப்படித்தான் பார்க்கறான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் தண்ணி லாரிக்காரனைத் திட்டறதும் அவனுக்கு இப்படித்தானே தெரியும்னு நெனச்சேன். வெக்கமா போச்சு.

கடைசிக் கட்டம் வந்துச்சு. ஏரியைப் பார்த்து நின்னான். காத்து, தண்ணி, மூடின உதடு. எண்ணெய்ப் பஞ்சையும் முந்தானையையும் தாண்டி ஒரு சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுச்சு. திரையிலேருந்து இல்ல, பக்கத்து சீட்டுலேருந்து. தம்பி அடிவயித்துலேருந்து "ஆ"ன்னு ஒரு சத்தம் வுட்டான், அவனுக்கே தெரியாம. முன் சீட்டுல ஒருத்தன் திரும்பி முறைச்சு ஏதோ சொன்னான். எப்பவும்னா நான் அவனை உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பேன். அன்னைக்கு வாயைத் திறக்கல.

கைப்பிடியில ரெண்டு தட்டு வந்துச்சு. நானும் ரெண்டு தட்டினேன்.